விடுதலைப் பத்திரம் யாருக்கு விடுதலை?

காயம்பட்டு நஷ்டஈடு கோருபவனிடம் எதிர்க்கட்சியார் ஒரு தொகையை நீட்டும்போது ஒரு காகிதத்தையும் கூடவே நீட்டுகின்றனர். தொகையை அவன் எண்ணிப் பார்க்கிறான். காகிதத்தின் வாசகத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. “முழு ஈட்டையும் பெற்றுக்கொண்டேன், இனி இது விஷயமாக எவர்மீதும் வியாஜ்யம் செய்யேன்” என்று அதில் எழுதியிருக்கும். பணம் கொடுத்தவர் ஒருவர்; விடுதலை பெறுபவரோ பலர். இந்த அநீதியைக் குறித்து நம் ஜனங்கள் விழிப்படைய வேண்டுமென்பதே நமது நோக்கம்.

பழைய ஆங்கிலேயச் சட்டம் இவ்விஷயத்தில் மிகக் கடுமையானது. பலர் கூடி ஒரு தீங்கிழைத்தால் வழக்குமூலம் ஒன்றே. ஆகையால் அவர்களில் ஒருவரை விடுவித்தால் அனைவரும் விடுதலையாவர் என்பது அதன் கொள்கை. இதிலிருந்து தப்பவே, ‘விடுவிக்கிறேன்’ என்று எழுதுவது வேறு, ‘உன்மீது வழக்காடேன்’ என்று எழுதுவது வேறு என்றொரு நுட்பத்தை வக்கீல்கள் கண்டுபிடித்தனர்.

நமது தேசத்தில் அக்கொள்கை அப்படியே வேரூன்றவில்லை. கூட்டாக வாக்களித்தோரில் ஒருவரை விடுவிப்பது மற்றவரை விடுவிக்காதென்று 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 44-வது பிரிவு கூறுகிறது. கூட்டாகத் தீங்கிழைத்தோரில் ஒருவரோடு ராஜி செய்துகொண்டதனால் மட்டும் மற்றவர் தப்பார். பெற்றது முழு ஈடாக இருந்தாலன்றி அவர்களுடைய ஜவாப்தாரி தீராது என்பதே 1969-ல் சுப்ரீம் கோர்ட் கொண்ட முடிவு. லாரியும் பஸ்ஸும் மோதி, இரு டிரைவர்களின் கவனக்குறைவாலும் காயமுற்ற பிரயாணி, முழு ஈட்டையும் இருவரில் எவரிடமும் வசூலிக்கலாமென்று அதே கோர்ட் 2015-ல் தெளிவுபடுத்தியது.

சட்டம் இவ்வளவு அனுகூலமாயிருந்தும், ‘முழு’, ‘எவர்மீதும்’ என்ற இரண்டு சொற்கள் ஏழையின் பாத்தியதையைப் பறித்துவிடக்கூடும். லாரிக்காரரின் இன்ஷூரன்ஸ் கம்பெனி தன் பங்குக்குக் கொடுத்த பணத்துக்கு ‘முழு ஈடு’ என்று கையொப்பமிட்டவன் பஸ்காரரிடம் போனால், அந்தக் காகிதத்தையே அவர் கேடயமாகப் பிடிப்பார். லோக் அதாலத்தில் முடிந்த ராஜிக்கோ அப்பீலே கிடையாது.

தனி மனிதன் தன் கையால் தனக்கே தேடிக்கொள்ளும் நஷ்டம் இது. பிறர் கையெழுத்தினால் ஒரு நகரத்துக்கே நேர்ந்த நஷ்டத்துக்குப் போபால் சாட்சி. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. 1985-ல் இயற்றிய சட்டத்தின் மூலம், பாதிக்கப்பட்டோர் அனைவருக்காகவும் வழக்காடும் அதிகாரத்தை இந்திய சர்க்கார் தானே எடுத்துக்கொண்டது. அந்த ஆலையை நடத்திய கம்பெனியில் அரசாங்க நிதி ஸ்தாபனங்களுக்கும் பங்கு இருந்தது. மேற்பார்வைக் குறைவுக்காக எந்த சர்க்காரைக் கேட்க வேண்டியிருந்ததோ, அதன் கையிலேயே பேனா இருந்தது!

300 கோடி டாலருக்கு மேல் கேட்ட வழக்கு 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு முடிந்தது. காயமுற்றோரை எவரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. சிவில் கோரிக்கைகள் மட்டுமன்றிக் கிரிமினல் வழக்குகளும் ராஜியோடு ரத்தாயின. பணத்தைக் கொண்டு குற்றத்தையும் கழுவலாமா என்று தேசம் கொதித்தெழுந்தது. 1991 அக்டோபர் 3-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் கிரிமினல் வழக்குகளுக்கு மறுபடி உயிரளித்தது. தொகை போதாவிடில் சர்க்காரே ஈடுசெய்ய வேண்டுமென்றும் கூறியது. ஆயினும் ராஜித் தொகை மாறவில்லை. ஏறக்குறைய 3,000 மரணங்களென்ற கணக்கின் மேல் எழுந்த ராஜி அது. பின்னர் மரணத்துக்காக நஷ்டஈடு பெற்ற கோரிக்கைகளோ 5,000-க்கு மேல். மற்றப் பாதிப்புகளுக்காகப் பெற்றவை ஐந்தரை லட்சத்துக்கு மேல்.

வாயுவினால் விளைந்த கோரிக்கைகளை அமெரிக்க அப்பீல் கோர்ட் 2001-ல் அந்த ராஜியைக் காட்டியே தள்ளியது. ஆலைக் கழிவினால் நிலமும் நீரும் கெட்டதைப் பற்றிய கோரிக்கைகளை அவ்விதம் தள்ள அது இசையவில்லை. அவை பிற்பாடு வேறு காரணங்களால் தோற்றன. ஆயினும், பத்திரம் எதைக் குறிக்கிறதோ அதனோடு நிற்கும் என்ற நியாயம் அதில் தெளிவாயிற்று. அதிகத் தொகை கேட்டு சர்க்கார் 2010-ல் போட்ட மனுவை, 2023 மார்ச் 14-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் தள்ளினர். மோசடி இருந்தாலன்றி ராஜியைத் திறக்க இயலாதென்றனர். 1991-ல் இட்ட கட்டளைப்படி இன்ஷூரன்ஸ் செய்யாத சர்க்காரின் அசட்டையையும் கண்டித்தனர்.

ராஜி கூடாதென்பதல்ல நமது கட்சி. பல வருஷம் கழித்து வரும் பெருந்தொகையிலும் இன்று வரும் சிறுதொகை மருந்துக்கும் சோற்றுக்கும் உதவும். வழக்கு ஓரிடத்தில் முடிய வேண்டுமென்று கம்பெனிகள் விரும்புவதும் நியாயமே. முடிவு வேண்டுவோர் அதற்குரிய விலையைக் கொடுக்கட்டும் என்றே நாம் சொல்கிறோம்.

ஆதலால் பார்லிமெண்ட் தெளிவாய்ச் சட்டமியற்ற வேண்டும். விடுதலைப் பத்திரம் அதில் பெயர் கண்டவரை மட்டுமே விடுவிக்க வேண்டும். பெற்ற தொகை மற்றவர் தரவேண்டியதில் கழியலாம். அதற்குமேல் அவர்களுக்கு லாபமாகக் கூடாது. கையொப்பமிட்ட நாளில் தெரியாதிருந்த வியாதிக்கு வழி அடைபடலாகாது. வாசகத்தைக் காயமுற்றவனுடைய பாஷையிலேயே நீதிபதி படித்துக் காட்ட வேண்டும். பிறருக்காக ராஜி பேசுவோர், கையெழுத்துக்கு முன்பே அவர்களைக் கேட்க வேண்டும்.

சட்டம் வரும்வரை தேச ஊழியர்களுக்கு ஒரு கடமையுண்டு. கிராமத்தில் காயமுற்றவன் ராஜிக்குப் போகும்போது, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் துணை செல்லட்டும். ‘எவர்மீதும்’ என்றிருந்தால் அதை அடித்து, பணம் கொடுப்பவரின் பெயரை எழுதச் செய்யட்டும். அதற்கு எதிர்க்கட்சியார் சம்மதியாவிடில், அந்த ஒரு சொல்லின் விலை என்னவென்று கேட்டு வாங்கட்டும்.