இளங் கடற்காகங்களை இனங்காணல்

மாரிக்காலத்தில் மன்னார்க் கரைக்குக் கூட்டங்கூட்டமாய் வரும் பழுப்புத்தலைக் கடற்காகங்களின் தாயகம் திபெத்து முதலிய மத்திய ஆசிய மேட்டுநில ஏரிகளாகும். அவற்றினிடையே அரிதாகக் கருந்தலைக் கடற்காகமும் காணப்படும். பிறந்து ஓராண்டு நிரம்பாத பறவைகளாயின் இவ்விரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்?

தலையைப் பார்த்துப் பயனில்லை. பெயருக்குக் காரணமான நிறம் அப்போது இராது. இரண்டிற்கும் கண்ணின் பின்னே ஒரு கரும்புள்ளியே உண்டு. வாலின் கரும்பட்டையும் பொதுவானதே. முதிர்ந்த பழுப்புத்தலையின் கண் வெளிறியது. இளையதன் கண்ணோ கரியது.

முதுகும் துணைசெய்யாது. பிறந்த சில மாதங்களுள் தலையிறகும் உடலிறகும் உதிர்ந்து, முதுகிற் சாம்பல் நிறம் படரும். ஆனால், சிறகு நுனியின் நீண்ட இறகுகள் அடுத்த கோடை வரை உதிரா. ஆதலின் அவற்றையே நம்புதல் வேண்டும். பறக்கையில் சிறகின் முன்விளிம்பு நெடுக வெண்மை ஓடினால் அது கருந்தலை. நுனி அகலக் கறுத்து, வெண்மை உள்ளே தள்ளியிருந்தால் அது பழுப்புத்தலை.

மாணவர்களே! அமர்ந்திருக்கும் பறவைக்கு அவசரப்பட்டுப் பெயரெழுதாதீர்கள். அது பறக்கும்வரை பொறுத்திருங்கள். அரிய பறவை வந்ததென்று பிழையாய்ப் பதிந்த குறிப்பு, பின்வருவோரையும் வழிதவறச் செய்யும்.