கிளினிக்ல பிபி நார்மல்... தூங்கும்போது?

"டாக்டர்கிட்ட பார்த்தேன், பிபி நார்மல்தான்." இப்படிச் சொல்லி நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால், அது பகலில் சில நொடிகளில் எடுத்த அளவு. ராத்திரி என்ன நடக்கிறது?

பொதுவாக, தூங்கும்போது ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்கும். இதுதான் 'டிப்பிங்'. 10 சதவீதம்கூட இறங்காதவர்கள் 'நான்-டிப்பர்'. சிலருக்கு இறங்குவதற்குப் பதில் ஏறவே செய்யும். இவர்களுக்குப் பக்கவாதம், இதயப் பாதிப்பு, சிறுநீரகப் பாதிப்புக்கான ஆபத்து அதிகம்.

யாருக்கு வாய்ப்பு அதிகம்?

சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், குறட்டையோடு மூச்சு விட்டு விட்டு வருபவர்கள், உப்பு அதிகம் சாப்பிடுபவர்கள். நைட் ஷிஃப்ட்டும் இந்த ஏற்ற இறக்கத்தைக் குழப்பிவிடும். அதனால், 'நமக்கு வயசாகலையே' என்று தள்ளிவிட முடியாது.

ரத்தப் பரிசோதனையில் தெரியுமா?

சிஆர்பி, யூரிக் ஆசிட், நியூட்ரோஃபில்-லிம்போசைட் விகிதம் போன்றவை நான்-டிப்பர்களுக்குக் கூடுதலாக இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால், சாதாரணக் காய்ச்சல் வந்தாலே சிஆர்பி ஏறிவிடும். அதை மட்டும் பார்த்து ராத்திரி பிபியைச் சொல்லவே முடியாது. மாஸ்டர் செக்கப் பேக்கேஜில் பணம் போட்டாலும் இதற்குப் பதில் கிடைக்காது.

பதில் தருவது 24 மணி நேர பிபி மானிட்டர். கையில் பட்டையைக் கட்டிவிட்டால், தூக்கத்திலும் குறிப்பிட்ட இடைவெளியில் தானாக அளக்கும். ஐரோப்பிய வழிகாட்டுதல்படி, இரவு சராசரி 120/70 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் ரத்த அழுத்தம்.

அப்போ மாத்திரையை ராத்திரிக்கு மாத்திடலாமா?

அவசரப்பட வேண்டாம். பிரிட்டனில் 21,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த 'டைம்' ஆய்வு 2022-ல் வெளியானது. காலையில் போட்டாலும் மாலையில் போட்டாலும் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவற்றில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதே முடிவு. நேரத்தைவிட, தினமும் மறக்காமல் போடுவதுதான் முக்கியம். மாற்ற வேண்டுமென்றால் டாக்டர் சொல்லட்டும், வாட்ஸ்அப் ஃபார்வர்டு வேண்டாம்.

பிபி மருந்து சாப்பிடும் அப்பா, அம்மாவுக்குச் சர்க்கரையோ குறட்டையோ இருந்தால், அடுத்த முறை டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ராத்திரி பிபியையும் பார்க்கணுமா?" கட்டணம் பார்த்துத் தயங்குபவர்களுக்கும் இந்தப் பரிசோதனை எட்ட வேண்டும். அரசு மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் இந்தக் கருவி இருப்பதுதான் அதற்கு வழி.