நோயாளிக்கு மாத்திரை… வீட்டுக்கு அரிசி, பருப்பு!

டி.பி. வந்தவருக்கு என்ன வைத்தியம்? 1950-கள் வரை இதற்குப் பெரிய டாக்டர்கள் சொன்ன பதில், சானடோரியம். ஊருக்கு வெளியே நல்ல காற்று, மாதக்கணக்கில் ஓய்வு, பால், முட்டை என்று சத்தான சாப்பாடு. புதிய மருந்துகள் வந்த பிறகும் இந்த நம்பிக்கை மாறவில்லை. ஆனால் இந்தியாவில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கு, சானடோரியம் படுக்கைகள் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. இடம் கிடைக்காதவர்களின் கதி?

இந்தக் கேள்விக்கு விடை தேடிய ஊர் சென்னை. 1956-ல் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கைகோத்தன. பிரிட்டிஷ் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமை ஏற்றார்.

சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேர் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் சேர்ந்தார்கள். மற்றவர்கள் தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். நெருக்கடியான வீடு, குறைவான சாப்பாடு, ஓய்வுக்கும் வழியில்லை. இரு பிரிவினருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள்: ஐசோனியசிட், பி.ஏ.எஸ்.

1959-ல் வெளியான முடிவு மருத்துவ உலகைத் திருப்பிப்போட்டது. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவிகிதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்களில் 86 சதவிகிதம். பெரிய வித்தியாசம் இல்லை! வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. இன்று டி.பி. நோயாளிகளில் பெரும்பாலோர் வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகிறார்கள் என்றால், அதற்கு வழி காட்டியது இந்தச் சென்னை ஆய்வுதான்.

மறந்துபோன பாதி

ஆனால் இந்த வெற்றிக்கு ஒரு பக்கவிளைவும் இருந்தது. ‘மருந்து ஒழுங்காகக் கொடுத்தால் போதும், சாப்பாடு முக்கியமில்லை’ என்ற எண்ணம் மெல்ல வேரூன்றியது. சென்னை ஆய்வு கேட்டது, ‘நோய் வந்தவர் வீட்டிலிருந்தே குணமாக முடியுமா?’ என்ற கேள்வியை. ‘நோய் ஏன் வருகிறது, அதே வீட்டில் அடுத்தவருக்கு வராமல் தடுப்பது எப்படி?’ என்பது வேறு கேள்வி.

டி.பி. கிருமி உடம்பில் புகுந்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலானவர்களின் உடம்பில் எதிர்ப்புச் சக்தி அதைக் கட்டிப்போட்டு வைத்துவிடும். உடம்பு வற்றி, சத்துக் குறைந்தால் அந்தக் கட்டு தளர்கிறது. கிருமி விழித்துக்கொள்கிறது.

இந்த இரண்டாவது கேள்விக்கான விடை 2023-ல் கிடைத்தது. மங்களூருவைச் சேர்ந்த டாக்டர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோரின் குழு, ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் நடத்திய ‘ரேஷன்ஸ்’ ஆய்வு அது. சேத்துப்பட்டு மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். இந்த ஆய்விலும் அதற்குப் பங்கு உண்டு.

2,800 நோயாளிகள் ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். எல்லோருக்கும் மாத்திரையோடு, மாதம் 10 கிலோ உணவுப் பொருட்களும் சத்து மாத்திரைகளும் தரப்பட்டன. வித்தியாசம் குடும்பத்தார் விஷயத்தில்தான். நோயாளிகளோடு ஒரே வீட்டில் வசித்தவர்கள் 10,345 பேர். இவர்களில் ஒரு பிரிவினருக்குப் பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரைகள் கிடைத்தன. இன்னொரு பிரிவினருக்கு அது இல்லை.

உணவு பெற்ற குடும்பங்களில், புதிதாக டி.பி. வருவது சுமார் 39 சதவிகிதம் குறைந்தது. பரிசோதனையில் கிருமி உறுதியான நுரையீரல் டி.பி.யை மட்டும் கணக்கிட்டால், 48 சதவிகிதம் குறைவு. தடுப்பூசியோ புது மருந்தோ இல்லை, வெறும் அரிசியும் பருப்பும்!

நோயாளிகள் விஷயத்திலும் ஒரு முக்கியச் செய்தி. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவிகிதம் கூடியவர்களுக்கு, மரண ஆபத்து சுமார் 60 சதவிகிதம் குறைவாக இருந்தது. 40 கிலோ எடை உள்ளவருக்கு 5 சதவிகிதம் என்பது இரண்டே கிலோ.

வீட்டில் செய்ய வேண்டியது

தமிழ்நாட்டில் 2022 முதல் ‘காசநோய் இறப்பில்லா திட்டம்’ நடக்கிறது. நோய் உறுதியானதுமே எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைப் பார்த்து, மிகவும் மெலிந்து, தளர்ந்துபோனவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். நோயாளிகளுக்கு மத்திய அரசு தரும் ஊட்டச்சத்து உதவித்தொகையும், 2024 நவம்பரிலிருந்து மாதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. பதிவு செய்த நோயாளி யாரானாலும் இதைக் கேட்டுப் பெறலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு இருந்தால் அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். ஒருவருக்கு நோய் உறுதியானால், வீட்டில் உள்ள அத்தனை பேரும் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.

சத்தாகச் சாப்பிடுகிறோமே என்று மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. டாக்டர் சொன்ன காலம் முழுக்க மாத்திரை சாப்பிட்டே ஆக வேண்டும். கூடவே பருப்பு, முட்டை, நிலக்கடலை, பால் என்று முடிந்ததைச் சேர்த்து, மாதம் ஒருமுறை எடை பார்ப்பது நல்லது. முட்டை ஒன்றுதான் இருக்கிறது என்று நோயாளிக்கு மட்டும் வைத்துவிட்டு, அம்மா ரசம் சோற்றோடு எழுந்துவிடுவது பல வீடுகளில் நடப்பதுதான். ஜார்க்கண்ட் ஆய்வு சொல்வதைப் பார்த்தால், அந்த அம்மாவின் தட்டிலும் பருப்பு விழ வேண்டும்.