தீவில் மூச்சு அடைத்தால்...

அந்தமான் நிகோபார் தீவுகளின் மருத்துவ வசதி குறித்து தில்லியில் பேச்சு எழும்போதெல்லாம் ஹெலிகாப்டர், புதிய கட்டடம், மருத்துவக் கல்லூரி என்பவையே முன்னிறுத்தப்படுகின்றன. இவை வேண்டாம் என்று யாரும் கூறமாட்டார்கள். ஆனால், தேங்காய்த் துண்டோ மீன் முள்ளோடு கூடிய சோற்றுருண்டையோ சிக்கி மூச்சுக்குழாய் முற்றிலும் அடைபட்ட ஒருவருக்கு இவற்றால் பயனில்லை. பிராணவாயு கிடைக்காத மூளை நான்கைந்து நிமிடங்களிலேயே பாதிக்கப்படத் தொடங்கிவிடுகிறது.

கிரேட் நிகோபாரின் கேம்ப்பெல் பேயிலிருந்து, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் 500 கிலோ மீட்டருக்கும் அதிகமான தொலைவில் உள்ளது. யூனியன் பிரதேசத்தின் முதன்மையான ஜி.பி. பந்த் மருத்துவமனை அங்குதான் இருக்கிறது. கடல் கொந்தளித்தால் கப்பலும் இல்லை. வானம் இருண்டால் ஹெலிகாப்டரும் இல்லை. வானிலை நன்றாகவே இருந்தாலும்தான் என்ன, நான்கு நிமிடத்தில் எது வந்துவிடப் போகிறது?

உயிர் காப்பது பக்கத்தில் நிற்பவரின் கைதான். இருமவோ பேசவோ முடியாமல் தவிப்பவரை முன்புறம் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்ட வேண்டும். அடைப்பு நீங்காவிட்டால், பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே ஐந்து முறை உள்நோக்கியும் மேல்நோக்கியும் அழுத்த வேண்டும். அடைப்பு விலகும்வரை இரண்டையும் மாறிமாறிச் செய்ய வேண்டும். வயிற்றை அழுத்தும் இம்முறையை 1974-இல் அமெரிக்க மருத்துவர் ஹென்றி ஹைம்லிக் விளக்கினார். கைக்குழந்தைகளுக்கும் நிறைமாத கர்ப்பிணிகளுக்கும் வயிற்றில் அல்ல, மார்பில்தான் அழுத்த வேண்டும். நினைவிழந்தால் உடனே மார்பு அழுத்த முதலுதவி. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவுவது அதை மேலும் உள்ளே தள்ளிவிடும். நம் வீடுகளில் முதலில் நடப்பதோ அதுதான். இதற்குக் கருவி வேண்டாம், ஒரு நாள் பயிற்சி போதும்.

அதுவும் பலிக்காதபோது, குரல்வளைக்குக் கீழே கழுத்தின் முன்புறம் சிறு துளையிட்டுக் காற்றுக்கு வழி செய்யும் அவசர சிகிச்சை இருக்கிறது. அதற்குப் பயிற்சி பெற்ற மருத்துவரும் சில எளிய கருவிகளும் அந்தத் தீவிலேயே இருந்தாக வேண்டும்.

சட்டப்பேரவை இல்லாத இத்தீவுகளை மத்திய உள்துறையே நிர்வகிக்கிறது. கிரேட் நிகோபாரில் துறைமுகம், விமான நிலையம், நகரியம் அமைக்க 72 ஆயிரம் கோடி ரூபாய் என்று தொடக்கத்தில் மதிப்பிட்ட அரசுக்கு, பள்ளி ஆசிரியர்களுக்கும் கப்பல் ஊழியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் இப்பயிற்சியைக் கட்டாயமாக்குவது ஒரு செலவே அல்ல. மக்கள் வசிக்கும் ஒவ்வொரு தீவிலும் பயிற்சி பெற்றவர் எத்தனை பேர், எந்தெந்தச் சுகாதார நிலையத்தில் கருவிகள் உள்ளன என்ற கணக்கை உள்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு அடுத்த மானியக் கோரிக்கை ஆய்வின்போது கேட்டுப் பெறலாம்.