நாடாவில் இருக்கும் மற்றவர்கள்

கலைஞன் வெளியிடாமல் வைத்திருந்ததை வெளியிடுவது துரோகம் என்றொரு வாதம், பரிசோதனை ராக் இசையின் பெட்டித் தொகுப்பு எது வந்தாலும் கூடவே வந்துவிடுகிறது. ஒத்திகைகள், அரைகுறைப் பதிவுகள், கைவிடப்பட்ட வடிவங்கள், உடன் ஒரு தடித்த புத்தகம், அதற்கேற்ற விலை. வாங்குபவன் சேகரிப்புப் பித்தன், விற்பவன் கல்லறைத் திருடன் என்று தீர்ப்பெழுதி முடித்துவிடுகிறார்கள் தூய்மைவாதிகள். வலுவுக்குக் காஃப்காவையும் மாக்ஸ் பிராடையும் துணைக்கு அழைப்பதும் வழக்கமாகிவிட்டது.

இந்தக் கரிசனம் யாரைப் பாதுகாக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. காஃப்கா தனியறையில் எழுதியவர். அவருடைய கையெழுத்துப் பிரதியை எரிப்பதா வைத்திருப்பதா என்பது அவருக்கும் அவருடைய நண்பருக்கும் இடையிலான வழக்கு. ஒரு ராக் குழுவின் ஒலிநாடாவில் நான்கைந்து பேர் இருக்கிறார்கள். அட்டையில் பெரிய எழுத்தில் பெயர் போட்டுக்கொண்டவரின் விருப்பத்தை மட்டும் ‘கலைஞனின் விருப்பம்’ என்று அழைப்பது, மற்றவர்களைக் கூலியாட்களாகக் கருதுவதன்றி வேறென்ன?

கேப்டன் பீஃப்ஹார்ட் என்ற பெயரில் இயங்கிய டான் வான் விலீட்டை எடுத்துக்கொள்வோம். ஃப்ராங்க் ஸப்பாவின் தயாரிப்பில் 1969இல் வெளிவந்த ‘ட்ரவுட் மாஸ்க் ரெப்ளிகா’ என்ற இரட்டை இசைத்தட்டு, அதன் 28 பதிவுகளுடன், இன்றும் முதன்முறை கேட்பவரை நிலைகுலையச் செய்கிறது. இரண்டு கிதார்களும் பாஸும் ட்ரம்ஸும் ஆளுக்கொரு தாளக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். எங்கோ எதிர்பாராத ஓரிடத்தில் எல்லாம் சேர்ந்து நிற்கும், மறுபடி பிரியும். இந்த இசையைச் சுற்றி ஒரு தொன்மம் வளர்க்கப்பட்டது. வான் விலீட் பியானோ முன் அமர்ந்து எட்டரை மணி நேரத்தில் எல்லாப் பாடல்களையும் இயற்றி முடித்தாராம். கருவிகளையே அறியாத இளைஞர்களுக்கு அவற்றை வாசிக்க அவரே கற்றுக்கொடுத்தாராம். இதழாளர்கள் பல ஆண்டுகள் இதைக் கேள்வியின்றி எழுதிவந்தார்கள். மேதை என்ற சொல்லுக்கு முன் நம் விமர்சகர்களின் முதுகெலும்பு வளைகிற வேகம் எல்லா மொழிகளிலும் ஒன்றுதான் போலும்.

நடந்தது வேறு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் உட்லண்ட் ஹில்ஸ் பகுதியில் ஒரு வாடகை வீட்டில், மாதக்கணக்கில், குழு அடைந்து கிடந்து ஒத்திகை பார்த்தது. வான் விலீட்டுக்குப் பியானோ முறையாக வாசிக்கத் தெரியாது. இசைக்குறிப்பு எழுதவும் தெரியாது. அவர் விரல்போக்கில் எழுப்பிய துணுக்குகளை ட்ரம்ஸ் கலைஞர் ஜான் ஃப்ரெஞ்ச் இசைக்குறிப்பாக எழுதினார். துணுக்குகளை எப்படி இணைப்பது, எந்தத் துணுக்கை எந்தக் கருவிக்குத் தருவது என்பவற்றிலும் பெரும்பங்கு அவருடையது. பிறகு அதை பில் ஹார்க்கில்ரோட், ஜெஃப் காட்டன், மார்க் பாஸ்டன் ஆகியோருக்குப் பயிற்றுவித்தார். உண்ண நாளொன்றுக்கு ஒரு சிறு கோப்பை அவரைவிதைதான் கிடைத்தது என்று சொல்லுமளவுக்கு வறுமை இருந்த காலத்தையும், வீட்டுக்குள் நிலவிய வசைகளையும் அடிதடிகளையும் பின்னாளில் ஃப்ரெஞ்ச் விவரித்திருக்கிறார். ஹார்க்கில்ரோட் 1998இல் எழுதிய நினைவுக்குறிப்பு நூலும் இதே திசையில்தான் பேசுகிறது. இசைத்தட்டு வெளிவந்தபோது உறையில் ஃப்ரெஞ்சின் பெயரே இல்லை. ட்ரம்ஸ் யார் வாசித்தார் என்ற தகவல்கூட இல்லை.

மனக்கசப்பில் சொல்கிறார்கள் என்று ஒதுக்கிவிடலாம்தான். பலர் ஒதுக்கவும் செய்தார்கள். அங்கேதான் பெட்டித் தொகுப்பு வருகிறது. கிதார் கலைஞர் ஜான் ஃபாஹியும் டீன் பிளாக்வுட்டும் தொடங்கிய ரெவனென்ட் நிறுவனம் 1999இல் ‘க்ரோ ஃபின்ஸ்’ என்ற ஐந்து குறுந்தட்டுத் தொகுப்பை வெளியிட்டது. முதலிரண்டு தட்டுகள் 1965 முதல் 1968 வரையிலானவை. 1966இல் குழுவில் சேர்ந்த ஃப்ரெஞ்ச் எப்படிப்பட்ட வாத்தியக்காரர் என்பதை அறிய அவையே போதும். வாசிக்கத் தெரியாதவருக்குக் கற்றுக்கொடுத்த கதை அங்கேயே உதிர்ந்துவிடுகிறது. மூன்றாவது தட்டுதான் உச்சம். அந்த இசைத்தட்டை முதலில் வீட்டிலேயே, இனவரைவியலாளர் களத்தில் பதிவுசெய்வதுபோலப் பதிவுசெய்ய ஸப்பா எண்ணியிருந்தார். செலவை மிச்சப்படுத்தப் பார்க்கிறார் என்று வான் விலீட் சந்தேகித்ததால் பதிவு ஸ்டூடியோவுக்கு மாறியது. அந்த வீட்டுப் பதிவுகளே மூன்றாவது தட்டில் உள்ளன. பெரும்பாலும் குரல் இல்லை, கருவிகள் மட்டும். இசைத்தட்டில் இருப்பதுபோலவே, அதே திருப்பங்களுடன், அதே சேர்க்கைகளுடன், ‘தலைவர்’ இல்லாமலே வாசிக்கிறார்கள். தற்செயல் என்று நாம் கேட்டு மயங்கிய குழப்பம் முழுவதும் மனனம் செய்யப்பட்டது. பிறகு ஸ்டூடியோவில் ஏறத்தாழ இருபது பாடல்களின் கருவியிசையை ஒரே அமர்வில் சில மணி நேரத்தில் முடித்தது எப்படி என்பதும் இப்போது விளங்குகிறது. வான் விலீட்டோ காதொலிப்பானை மறுத்து, கண்ணாடி வழியே கசிந்த ஒலியை வைத்துக்கொண்டு அதன் மேல் பாடினார். அந்தக் குரலின் வீச்சை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த வரிகள் அவருடையவை, அந்தத் துணுக்குகளும் அவருடையவை. ஆனால் கட்டடம்?

தூய்மைவாதிகளின் சொல்படி நடந்திருந்தால் இந்த நாடா பூட்டியே கிடந்திருக்கும், தொன்மமும் பத்திரமாக இருந்திருக்கும்.

வெளிவராதது எல்லாம் கலைஞன் நிராகரித்தது என்ற அனுமானமும் தவறு. இதே பீஃப்ஹார்ட் 1976இல் ‘பேட் செயின் புல்லர்’ என்ற இசைத்தட்டை முழுமையாகப் பதிவுசெய்து முடித்தார். ஸப்பாவுக்கும் அவருடைய மேலாளர் ஹெர்ப் கோஹனுக்கும் இடையே எழுந்த பணத் தகராறில் அது முடங்கியது. பாடல்கள் பலவற்றை அடுத்தடுத்த இசைத்தட்டுகளுக்காக அவர் மறுபடி பதிவுசெய்ய வேண்டியிருந்தது. மூலப்பதிவு 2012இல்தான் வெளிவந்தது. வான் விலீட் 2010 டிசம்பரிலேயே இறந்துவிட்டார். இங்கே ‘கலைஞனின் விருப்பம்’ எது? வக்கீல் நோட்டீஸா?

மறுதரப்பையும் விட்டுவிட முடியாது. சேகரிப்பாளர்கள் இந்தப் பெட்டிகளைத் திருப்பதி லட்டுபோல வாங்கி அலமாரியில் வைக்கிறார்கள். கிடைத்த ஒவ்வொரு துணுக்கிலும் மேதையின் இன்னொரு ஒளிக்கீற்றைக் கண்டு மெய்சிலிர்த்து மதிப்புரை எழுதுகிறார்கள். எத்தனை நிமிடம் புதியது என்று எண்ணுகிற அந்த மதிப்புரைகளில், வாசித்தவர்களின் பெயர் அடைப்புக்குறிக்குள்கூட வருவதில்லை. தொன்மத்தை உடைக்கும் சுத்தியலை வாங்கி அதற்கும் கற்பூரம் காட்டுகிற வேலை இது.

பெட்டித் தொகுப்பை மாசற்ற மூலம் என்று நம்புவதும் ஏமாளித்தனம். ஜெர்மனியின் ‘கேன்’ குழுவின் ‘தி லாஸ்ட் டேப்ஸ்’ 2012இல் மூன்று தட்டுகளாக வந்தது. வைலர்ஸ்விஸ்ட் ஊரிலிருந்த அவர்களுடைய ஸ்டூடியோ, க்ரோனாவ் நகரின் ராக் அருங்காட்சியகத்துக்கு விற்கப்பட்டபோது கிடைத்த நாடாக்கள் முப்பது மணி நேரத்துக்கும் மேல். நமக்கு வந்துசேர்ந்தது சுமார் மூன்று மணி நேரம். கேன் குழுவில் பாடல்கள் குழுவின் பெயரிலேயே வந்தன என்பது பாராட்டுக்குரியது. அங்கேயும் ஹோல்கர் சுகாய் நீண்ட மனோதர்ம வாசிப்புகளைக் கத்தரித்து ஒட்டியதே பல பாடல்களுக்கு உருவம் தந்தது. அவர் கத்தரித்து விட்டதை வேறொருவர் நாற்பது ஆண்டுகள் கழித்துக் கத்தரித்துத் தருகிறார். எதை விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று இத்தகைய தொகுப்பாளர்களிடம் நாம் கேட்டாக வேண்டும். பழைய பிரதிகளைப் பதிப்பிப்பவரிடம் பாடபேதம் கேட்கிற சிற்றிதழ் வாசகர், இசை என்றதும் ஏன் வாய்மூடிக்கொள்கிறார்?

ஃப்ரெஞ்சுக்கு ‘க்ரோ ஃபின்ஸ்’ புத்தகத்தில் விரிவாக எழுத இடம் கிடைத்தது. 2010இல் அவர் தன் அனுபவங்களை எண்ணூறு பக்கங்களுக்கு மேல் தனி நூலாகவே எழுதினார். கல்லறைத் திருட்டு என்று அடுத்தமுறை எழுத உட்காரும் நண்பர்கள், முதலில் அந்த மூன்றாவது தட்டைக் கேட்டுவிட்டு உட்காரட்டும். கேட்டபின், அந்தக் கல்லறைக்குள் யாரைப் புதைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதட்டும்.