பெரிய டயருக்கு ஒரு விதி வேண்டும்

“தாருக்கு 285 போட்டுத் தருவீங்களா?” பெங்களூரு நீலசந்திரா, ஆனேபாளையா, ஆஸ்டின் டவுன் பக்கத்துப் பட்டறைகளில் மழைக்காலம் நெருங்கும்போது, மஹிந்திரா தாருக்கு 285 மி.மீ. அகல டயர் கேட்கும் இந்தக் கேள்வி ஓயாது. சக்லேஷ்பூர் எஸ்டேட் பாதைகளுக்கும் குடகின் மாந்தல்பட்டிக்கும் வண்டி எடுத்துப் போகிறவர்கள் கேட்கிறார்கள். ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர்களும் கேட்கிறார்கள். டயர் கிடைக்கிறது, ரிம் கிடைக்கிறது, நம் பையன்களுக்குக் கை பழகிய வேலை. போட முடியுமா என்பதில் நமக்குச் சந்தேகமே கிடையாது. போட்டபின் அந்த வண்டி சட்டத்தின் முன் எங்கே நிற்கிறது, போட்டுக் கொடுத்த நாம் எங்கே நிற்கிறோம் என்பதைப் பேசத்தான் தயங்குகிறோம். இந்த மாதம் அதைப் பேசிவிடுவோம்.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன கே. ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் ஆகியோர் இந்தப் பிரிவை இறுக்கமாகவே படித்தார்கள். தயாரிப்பாளரின் மூல வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது, மாநில விதிகளும் சட்டத்துக்குக் கீழ்ப்பட்டவையே என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம் 182ஏ பிரிவை மாற்றி எழுதியது. அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இது வெறும் ஏட்டுச் சட்டம் என்று நினைப்பவர்கள் ஸ்ரீநகர் வழக்கை நினைத்துப் பார்க்கலாம். பெரிய டயர், ஹார்ட் டாப், எல்.இ.டி. விளக்குகள், சைரன் எல்லாம் பொருத்திய ஒரு தார் உரிமையாளருக்கு அங்கிருந்த போக்குவரத்து நீதிமன்றம் ஆறு மாதத் தண்டனை விதித்தது. நன்னடத்தைப் பிணையில் அவர் சிறைக்குப் போகாமல் தப்பினார். வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல்லி உத்தரவாயிற்று.

“ஆர்.சி. அட்டையில் டயர் அளவே இல்லையே, அப்புறம் எது மாறுபடுகிறது?” என்று வாடிக்கையாளர்கள் வாதிடுவார்கள். நம்மில் சிலரும் அப்படித்தான் சொல்லிச் சமாளிக்கிறோம். தனியார் காரின் அட்டையில் டயர் அளவு அச்சாவதில்லை என்பது உண்மை. 52-ஆம் பிரிவின் விளக்கமும் வண்டியின் அடிப்படை அம்சம் மாறும்படியான கட்டமைப்பு மாற்றத்தையே மாற்றம் என்கிறது. டயரை அதற்குள் கொண்டுவர முடியுமா என்று வக்கீல்கள் வாதிட இடமுண்டு. ஆனால் ஒரு மாடல் விற்பனைக்கு வருமுன் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிறுவனத்திடம் தயாரிப்பாளர் கொடுக்கும் தொழில்நுட்ப விவரங்களில் டயர் அளவும் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 95-ஆம் விதி டயரின் அளவையும் பிளை மதிப்பையும் பற்றியதுதான். வக்கீல் வாதத்தை நம்பி ஒரு பட்டறை தொழில் நடத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நம் தொழிலில் பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சட்டத்தின் 2(8) பிரிவில் ‘டீலர்’ என்பவர் யார் என்ற வரையறை இருக்கிறது. வண்டி விற்கிறவர் மட்டும் அதில் இல்லை. பாடி கட்டுகிறவரும் வண்டி பழுது பார்க்கும் தொழில் செய்கிறவரும் அதில் அடங்குவார்கள். 182ஏ பிரிவின் முதல் உட்பிரிவு, விதிக்குப் புறம்பாக வண்டியை விற்கும் அல்லது மாற்றும் தயாரிப்பாளர், இறக்குமதியாளர், டீலர் ஆகியோருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது வண்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். ஓனருக்கு 5,000, அவர் சொன்னதைச் செய்து கொடுத்த நமக்கு ஒரு லட்சம்.

சட்டத்தை விடுங்கள், இயந்திரம் என்ன சொல்கிறது? 2020 அக்டோபர் 2 அன்று வந்த தாரில் ஏ.எக்ஸ். வகைக்கு 245/75 ஆர்16, எல்.எக்ஸ். வகைக்கு 255/65 ஆர்18. முதலாவதன் விட்டம் சுமார் 774 மி.மீ., இரண்டாவது 789. பதினாறு அங்குல ரிம் வண்டிக்காரர் கம்பெனியின் பதினெட்டு அங்குல செட்டுக்கு மாறினால் 15 மி.மீ. கூடுகிறது. இரண்டு அளவுமே அந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் எழுதிக் கொடுத்தவை என்பதால், என்னைக் கேட்டால் இன்று துணிந்து செய்யக்கூடிய மாற்றம் இந்த ஒன்றுதான். அதிலும் சர்வீஸ் சென்டரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கி, வேகமானியையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

285/70 ஆர்17 போட்டால் விட்டம் 831. எல்.எக்ஸ். டயரைவிட 42 மி.மீ. கூடுதல், அதாவது 5.3 சதவீதம். சக்கரம் ஒரு சுற்றுக்கு அவ்வளவு அதிகமாக ஓடும், வேகமானிக்கு அது தெரியாது. முன்பு சரியாக 100 காட்டிய வண்டி இப்போது 105-இல் போய்க்கொண்டே 100 காட்டும். கம்பெனி வேகமானிகள் பொதுவாகக் கொஞ்சம் கூட்டியே காட்டும். பெரிய டயர் அந்த இடைவெளியைத்தான் முதலில் தின்கிறது. உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்பது வேகமானித் தரங்களின் அடிப்படை. பெங்களூரு–மைசூரு நெடுஞ்சாலையில் 100-க்கு மேல் போனால் கேமரா பிடிக்கிறது. 2019 ஜூலை முதல் புதுக் கார்களில் கட்டாயமான 80 கி.மீ. எச்சரிக்கை ஒலியும் தாமதமாகத்தான் அடிக்கும். ஓடோமீட்டர் 10,000 காட்டும்போது அதே எஞ்சின் ஆயிலோடு வண்டி 10,500 கடந்திருக்கும்.

பிரேக் விஷயம் இதைவிடப் பெரிது. டிஸ்க்கும் காலிப்பரும் பழையவையே. அதே அழுத்தத்தில் பெடலை மிதித்தால் தரையில் கிடைக்கும் பிடிவிசை, ஆரம் கூடிய விகிதத்தில் குறைகிறது. டயரும் கனமாகிவிட்டதால் சுழலும் எடையை நிறுத்தவும் அதிக விசை வேண்டும். ஏ.பி.எஸ்., இ.எஸ்.பி. இரண்டும் கம்பெனி டயரின் சுற்றளவை நம்பித்தான் கணக்குப் போடுகின்றன. ஓட்டிப் பார்த்து “ஒண்ணும் தெரியல சார், நல்லாத்தான் நிக்குது” என்று வாடிக்கையாளர் சொல்வது காலியான வண்டியில், காய்ந்த ரோட்டில். நான்கு பேரும் லக்கேஜுமாக மழையில் சார்மாடி மலைப்பாதை இறங்கும்போது என்ன ஆகும் என்பதை அவர் பார்த்ததில்லை.

ஆஃப்செட் மாற்றிய ரிம், ஸ்பேசர் ஆகியவை பேரிங்குக்கும் டை ராடுக்கும் என்ன செய்கின்றன என்று முன்பே விரிவாக எழுதியிருக்கிறோம். இங்கே ஒன்றை மட்டும் திரும்பச் சொல்ல வேண்டும்: ஸ்டெப்னி. நான்கு பெரிய டயர் போட்டு ஐந்தாவதைப் பழையதாகவே விட்டுவிடும் வழக்கம் நம் பட்டறைகளில் இருக்கிறது. ஃபோர் வீல் டிரைவ் தார், ஜிம்னி, குர்கா எல்லாமே பார்ட் டைம் வகை. 4எச் போட்டால் முன் பின் ஷாஃப்ட்டுகள் ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. ஒரு மூலையில் மட்டும் சிறிய டயர் இருந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கேறிக் கடைசியில் உடையும். பஞ்சர் ஆகும் இடம் பெரும்பாலும் 4எச் தேவைப்படும் இடமாகவே இருக்கும். ஐந்து டயர் வாங்க மனமில்லாதவருக்கு நான்கைப் போட்டுக் கொடுக்கக் கூடாது.

இதையெல்லாம் எழுதுவது பெரிய டயரே வேண்டாம் என்று சொல்வதற்காக இல்லை. மலைப்பாதையில் டிஃபரன்ஷியலின் அடியைப் பாறையிலிருந்து தூக்குவது டயர் ஒன்றுதான். லிஃப்ட் கிட் பாடியைத் தூக்கும், ஆக்ஸிலைத் தூக்காது. காப்பித் தோட்டத்தில் தினமும் ஓடும் வண்டிக்கு ஓர் அங்குலம் கூடுதல் இடைவெளி என்பது அலங்காரம் இல்லை. தேவை நியாயமானது, அதை நிறைவேற்ற நேர்வழி ஒன்று இல்லாததுதான் நம் குறை.

சி.என்.ஜி. கிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் காரின் எரிபொருளையே மாற்றுகிறோம், டிக்கியில் உயர் அழுத்தச் சிலிண்டர் வைக்கிறோம். டயரைவிடப் பல மடங்கு ஆபத்தான மாற்றம். அதற்குச் சோதனை நிறுவனத்தின் வகை ஒப்புதல் உண்டு, அங்கீகாரம் பெற்ற பட்டறை உண்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் பதிவு உண்டு. பழைய காரை மின்சாரக் காராக மாற்றும் கிட்டுக்கு ஏ.ஐ.எஸ். 123 என்ற தரமே இருக்கிறது. 42 மி.மீ. கூடுதல் ரப்பருக்கு மட்டும் ஏன் எதுவும் இல்லை?

ஆஸ்திரேலியாவில் வி.எஸ்.பி. 14 என்ற தேசிய மாற்றக் குறியீடு, தயாரிப்பாளர் குறித்த மிகப் பெரிய டயரைவிட 50 மி.மீ. வரை விட்டம் கூடிய டயரை நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கு ஏற்கிறது. சாதாரணக் கார்களுக்கு வரம்பு 15 மி.மீ.தான். தாங்கும் எடை குறையக் கூடாது, வேகமானி சரியாக இருக்க வேண்டும், எங்கும் உரசக் கூடாது. அந்த அளவுகோலில் வைத்தால் எல்.எக்ஸ். தாருக்கு நம் வாடிக்கையாளர் கேட்கும் 285 உள்ளே வரும். ஜிம்னியின் 195/80 ஆர்15-க்குப் பதில் கேட்கப்படும் 235/75 ஆர்15-உம், சுமார் 40 மி.மீ. கூடுதல் என்பதால், உள்ளே வரும். முப்பத்தைந்து அங்குலம் வேண்டும் என்பவரின் டயர் எல்.எக்ஸைவிட 100 மி.மீ. கூடுதல், அது வெளியே நிற்கும், நிற்கத்தான் வேண்டும். வாகனங்களுக்கு இடையே வேறுபாடு பார்க்கும் ஒரு எண், எல்லோரும் டேப் பிடித்து அளக்கக்கூடிய எண். நம் தொழிலில் வாய்வழியாகப் புழங்கும் ‘மூன்று சதவீதம்’ என்ற கணக்கு நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் எங்கும் இல்லை. அதைச் சொல்லி எந்த அதிகாரியிடமும் தப்ப முடியாது.

இப்படி ஒரு விதி கொண்டுவரப் புதுச் சட்டம் தேவையில்லை. 2019 திருத்தம் 52-ஆம் பிரிவிலேயே இடம் விட்டிருக்கிறது: வாகன மாற்றங்களுக்கான தரங்களையும் ஒப்புதல் நிபந்தனைகளையும் மத்திய அரசு விதிக்கலாம், அப்படிச் செய்த மாற்றத்துக்காகத் தயாரிப்பாளரின் வாரண்ட்டி செல்லாததாகக் கருதப்படாது. தண்டனைப் பிரிவைப் பயன்படுத்துகிறவர்கள் அதே திருத்தத்தின் இந்தப் பகுதியையும் பயன்படுத்த வேண்டும். தில்லியில் உள்ள சாலைப் போக்குவரத்து அமைச்சகம்தான் முடிவெடுக்க வேண்டும் என்றாலும், கேட்பதற்கு இங்கிருந்தே தொடங்கலாம். கர்நாடகப் போக்குவரத்து ஆணையர் அலுவலகம் நீலசந்திராவிலிருந்து வெகுதூரத்தில் இல்லை, சாந்திநகர் பேருந்து நிலைய வளாகத்தில்தான் இருக்கிறது. பட்டறைகள் தனித்தனியாகப் போனால் கேள்வி நம்மை நோக்கித் திரும்பும். சங்கமாக, அளவுகளோடும் பிரேக் சோதனை முடிவுகளோடும் போனால் நம் பேச்சுக்கு எடை இருக்கும்.

விதி வரும்வரை இந்த இதழின் நிலை இதுதான். கதவுத் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ ஓனர்ஸ் மேனுவலிலோ அந்த மாடலுக்கு இல்லாத அளவை, பொதுச் சாலையில் ஓடும் வண்டிக்குப் போட்டுத் தராதீர்கள். இருக்கும் அளவுக்குள்ளேயே ஆல் டெரெய்ன் டயர் தாராளமாகக் கிடைக்கிறது. காற்றழுத்தத்தைக் குறைத்து ஓட்டக் கற்றுக்கொடுத்தால் பாதிப் பேருக்குப் பெரிய டயரின் ஆசையே தீர்ந்துவிடும். தாங்கும் எடைக் குறியீடு பழைய டயருக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கட்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இறக்குமதி டயரைத் தொடாதீர்கள். பில்லில் ‘டயர் 5’ என்று மட்டும் எழுதாமல் பிராண்டு, முழு அளவு, எடைக் குறியீடு, வேகக் குறியீடு, வண்டியின் பதிவு எண் எல்லாவற்றையும் எழுதுங்கள். விபத்துக்குப் பின் இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து நிற்கும்போது ஓனரிடமும் உங்களிடமும் இருக்கும் ஒரே சாட்சி அந்தக் காகிதம்தான். 285 கேட்டுத் திரும்பிப் போனவர்களின் எண்ணிக்கையையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஆணையருக்குக் கொடுக்கும் மனுவில் அதையும் சேர்க்க வேண்டும்.