நஞ்சும் மருந்தும்

ஒரே சொல் வழங்கும் இடத்திற்கேற்பப் பொருள் வேறுபடுதல் மொழியின் இயல்பு. "மருந்து" என்னும் சொல் பிற ஊர்களில் நோய் தீர்ப்பதைக் குறிக்கும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கங்களில் பட்டாசுத் தொழிலாளர் "மருந்து" என்பரேல், அது வெடியினுள் இடும் கலவையேயாம். நோய் தீர்ப்பதன் பெயரைத் தாங்கிய அப்பொருள் சிறிது உராயினும் தீப்பற்றி உயிர் குடிக்கும். 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியிலும், 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் அச்சங்குளத்திலும் நேர்ந்த விபத்துக்களில் மட்டும் 50-க்கு மேற்பட்டோர் மாண்டனர். மாண்டோரை நாடு சின்னாள் நினைக்கின்றது. பிழைத்தோரையோ விரைவில் மறந்துவிடுகின்றது. தீப்புண் ஆறித் தோல் மூடிய பின்னரும், சிதைந்த நரம்புகள் எழுப்பும் வலி ஆண்டுக்கணக்காய் நீடித்தலும் உண்டு. அத்தகைய வலியைத் தணிக்கும் வழியைத் தேடுதல் கற்றோர் கடன் என்பதும், அத்தேடலுக்குரிய பொருள் நமக்கு அணித்தாகிய கடலிலேயே உள்ளது என்பதும் ஈண்டு யாம் கூற விழைவன.

மன்னார் வளைகுடாவில் கூம்பு நத்தை என்னும் சிற்றுயிர் வாழ்கின்றது. புள்ளியும் கோலமும் பொலியக் கடற்கரைக் கடைகளில் அழகுப் பொருளாய் விற்கப்படும் கூம்பு வடிவக் கிளிஞ்சல் அதன் ஓடேயாகும். மெல்ல ஊரும் இந்நத்தைகளுள் சில, விரைந்து நீந்தும் மீனையும் பிடித்து உண்பன. எங்ஙனமெனின், இவற்றின் பல் சிறு ஈட்டிபோல் அமைந்து, உட்புழை உடையதாய், இரையின் உடலில் நஞ்சைப் பாய்ச்சும். சில இனங்களின் நஞ்சு மக்களையும் கொல்லவல்லது. அந்நஞ்சு ஒரு தனிப்பொருள் அன்று. அமினோ அமிலங்கள் மணிபோற் கோத்த குறுந்தொடர்கள் நூற்றுக்கு மேற்பட்டவை விரவியது. பெப்டைடுகள் எனப்படும் அத்தொடர்களிற் பல, நரம்பணுக்களின் சுவரிலுள்ள நுண்ணிய வாயில்களுள் தமக்குரியதை மட்டும் நாடிச் சென்று பற்றும். குறிப்பிட்ட ஒன்றை மட்டும் பற்றும் இப்பண்பே மருத்துவ அறிஞர்க்கு வியப்பளித்தது.

இவ்வாராய்ச்சி பிறந்த வரலாறு மாணவர் அறியத்தக்கது. பிலிப்பைன்ஸ் நாட்டவராகிய பால்டொமெரோ ஒலிவெரா அமெரிக்காவிற் பயின்று தாயகம் மீண்டபோது, தாம் பழகிய ஆராய்ச்சிக்கு வேண்டிய கருவிகள் ஆங்கு இல்லை. அவர் அதற்காக வாளாவிருந்தாரல்லர். தம் நாட்டுக் கடற்கரை எளிதில் தருவதாகிய கூம்பு நத்தையை எடுத்து, லூர்தெஸ் குரூஸ் அம்மையாருடன் அதன் நஞ்சை ஆராயத் தொடங்கினார். பின்னர் அவர் யூட்டா பல்கலைக்கழகம் சென்றார். ஆங்குக் கிரெய்க் கிளார்க் என்னும் 19 வயது மாணவர், நஞ்சின் கூறுகளைத் தனித்தனியே பிரித்து எலியின் மூளையிற் செலுத்திப் பார்க்கலாம் என்றார். அவ்வாறே செய்ய, ஒரு கூறு எலியை உறக்கிற்று. மற்றொன்று நடுங்கச் செய்தது. 18 வயதில் அவ்வாய்வுக்கூடம் புகுந்த மைக்கேல் மெக்கிண்டாஷ், கோனஸ் மேகஸ் என்னும் நத்தையின் நஞ்சினின்று ஒரு பெப்டைடைப் பிரித்தெடுத்தார். 25 அமினோ அமிலங்களும் மூன்று கந்தகப் பிணைப்புக்களும் உடைய அதுவே சிகோனோடைடு என்னும் பெயரால் மருந்தாகி, 2004 டிசம்பரில் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றது. முதுகுத் தண்டில் வலிச் செய்தியைக் கடத்த உதவும் கால்சிய வாயிலை அஃது அடைக்கின்றது. மார்பீன்போல் உண்பாரைத் தனக்கு அடிமையாக்கும் தன்மை அதற்கில்லை.

நம் நாட்டாரும் இத்துறையில் உறங்கினாரல்லர். பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்துப் பேராசிரியர் பலராம், மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக் கே. எஸ். கிருஷ்ணன் முதலியோர், நம் கடல்களில் வாழும் கோனஸ் அமாடிஸ் என்னும் நத்தையின் பெப்டைடு ஒன்று சோடிய வாயில்களைத் தாக்குமாற்றை 2003-இல் வெளியிட்டனர். கடல் நம்முடையது, நத்தை நம்முடையது. ஆயினும் கரிசற் காட்டுக் கல்லூரிகளிற் பயிலும் நம்மில் எத்துணைப் பேர் இச்செய்தியை அறிவோம்?

"விபத்தைத் தடுக்கும் வழி காணாது நத்தையைத் தேடுவதோ?" என்று வினவுவார் இருக்கலாம். தடுத்தலே முதற்கடன், அதில் எமக்கு ஐயமில்லை. அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்னும் விதிகள் ஏட்டளவில் நின்றுவிடாமல் ஆலையிலும் நிலவ வேண்டும். ஆனால், முன்னரே வெந்தவர்க்கு அவ்விதி என் செய்யும்? ஒரு கடன் மற்றொரு கடனை நீக்காது.

சிகோனோடைடு தீப்புண்ணுக்கு உரிய மருந்தென யாம் மிகைபடக் கூறோம். வேறெதற்கும் அடங்காத நெடுநாள் வலிக்கே அதனை அளிப்பர். அதுவும் உடலிற் பதித்த கருவியின் வழியே முதுகுத் தண்டினைச் சூழ்ந்த நீரிற் செலுத்தப்பட வேண்டும். சிலருக்கு மனக்குழப்பமும் விளைக்கும். விலையும் ஏழைக்கு எட்டாதது. இக்குறைகள் ஆராய்ச்சியைக் கைவிடுதற்குக் காரணம் ஆகா. மேலும் ஆராய்தற்கே காரணம் ஆவன. ஒரு நத்தையின் ஒரு பெப்டைடு இவ்வளவு செய்ததாயின், ஆராயாது கிடக்கும் பிறவற்றுள் எளிதிற் கொடுக்கத்தக்கது ஒன்று இராதென எவர் துணிந்து உரைப்பார்?

ஆகவே எம் கருத்து இது. மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் கடல்மீன் ஆராய்ச்சி நிலையங்கள் உள. சாத்தூரிலிருந்து தூத்துக்குடி சில மணி நேரப் பயணமே. இப்பகுதிக் கல்லூரிகளின் வேதியியல், விலங்கியல் மாணவர் ஆண்டுதோறும் அங்குச் சென்று பயிலுமாறு கல்லூரிகள் வழிகோல வேண்டும். நத்தைகளைக் குவியல் குவியலாய்க் கொல்லவும் வேண்டா. சிகோனோடைடு இன்று ஆய்வுக்கூடத்திலேயே செய்யப்படுகின்றது. அமைப்பை அறிதற்குச் சிறிதளவு நஞ்சு போதும். ஆனால் அழகுக்காக நத்தைகளை அள்ளி விற்போமாயின், படிக்குமுன்னரே நூலை எரித்தவராவோம்.

தமிழ் பயிலும் எமக்கு இதில் என்ன வேலை எனின், பணி உண்டு. சங்கையும் பலகறையையும் பற்பமாக்கி, நச்சுப் பொருள்களையும் சுத்தி செய்து நோய்க்கு அளித்த சித்த மருத்துவரின் மொழி எம் மொழி. புதிய அறிவையும் அம்மொழியில், பட்டாசுத் தொழிலாளியின் மகனும் மகளும் விளங்கிக்கொள்ளுமாறு எழுதுதல் எம் கடன். அவர்களுள் ஒருவர் நாளை ஆய்வுக்கூடம் புகலாம் அன்றோ?

வனாந்தரத்திற் சர்ப்பங் கடித்தோர் பிழைக்குமாறு மோசே உயர்த்தியதும் ஒரு சர்ப்பத்தின் வடிவமே என்பதை எம் திருமறை வாயிலாக அறிவோம். கொல்வதிலிருந்தே குணமளிப்பதைக் காணும் ஆற்றலை இறைவன் மனிதனுக்கு அருளியுள்ளான். மாணவ நண்பர்களே! கிளார்க் என்பவருக்கு அன்று வயது பத்தொன்பது. எமக்கும் இன்று அவ்வயதே. "மருந்து" என்னும் சொல்லைக் கேட்டு அஞ்சும் இல்லங்கள் நம் அண்டையில் உள்ளன. அச்சொல்லுக்கு அதன் பழம்பொருளை மீட்டுத் தருதல் நம் தலைமுறையின் பணியாகுக.